சும்மா உட்கார்ந்திருந்தால் ஜெபம் ஆகிவிடுமா? மௌனமும் கேட்டலும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக ஒரு சிறிய வேதபாடக் குழுவை நடத்தி வருகிறேன். ஒவ்வொரு கூடுகையின் முடிவிலும் பத்து நிமிடம் யாரும் பேசாமல் அமர்ந்திருப்போம். இரண்டு மணி நேரப் பாடம் கிளப்பாத சந்தேகங்களை அந்தப் பத்து நிமிடம் கிளப்பிவிடுகிறது. வாசலில் செருப்பு மாட்டும்போது சிலர் கேட்டார்கள், இரவில் போன் போட்டுச் சிலர் கேட்டார்கள். அவையே திரும்பத் திரும்ப வந்ததால் இங்கே தொகுத்துவிட்டேன். கேட்டவர்களின் வார்த்தைகளை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன். வசனங்கள் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து. நான் இறையியல் கல்லூரி ஆசிரியன் இல்லை. வாசித்ததும் தடுமாறியதும்தான் என் கையிருப்பு.

1. வாயைத் திறந்து கேட்டால்தானே ஜெபம்? பேசாமல் உட்கார்ந்திருப்பது எப்படி ஜெபமாகும்?

'கேள்' என்ற சொல்லையே முதலில் பாருங்கள். "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்று இயேசு சொல்லும்போது, வேண்டுங்கள் என்று பொருள். "இஸ்ரவேலே, கேள்" என்று மோசே சொல்லும்போது, காது கொடு என்று பொருள். எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். தமிழில் ஒன்றாகவே அமைந்துவிட்டன. ஜெபத்தில் இந்த இரண்டு கேட்டலும் உண்டு. நாம் பெரும்பாலும் முதல் கேட்டலை முடித்து, ஆமென் சொல்லி, எழுந்து போய்விடுகிறோம்.

சத்தமில்லாத ஜெபத்துக்கு வேதத்திலேயே சாட்சி இருக்கிறது. பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் ஜெபிக்கும்போது உதடு மட்டும் அசைந்தது, குரல் கேட்கவில்லை (1 சாமுவேல் 1:13). பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியன் ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டினான். பேசாத ஒருவரை நாம் எவ்வளவு சீக்கிரம் தப்பாகப் புரிந்துகொள்கிறோம் என்பதற்கும் இதுவே சாட்சி. இந்த ஏலி பின்னால் மறுபடி வருவான்.

2. "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்றுதானே யோவான் எழுதினார்? "ஆதியிலே மௌனம் இருந்தது" என்று இல்லையே?

சரியான கேள்வி. கிறிஸ்தவம் பேசுகிற கடவுளை நம்புகிற விசுவாசம். ஆதியாகமத்தில் அவர் சொல்கிறார், ஆகிறது. மௌனமே கடவுள் என்றோ, மௌனம் வார்த்தையைவிட உயர்ந்தது என்றோ திருச்சபை சொன்னதில்லை.

ஆனால் வார்த்தை என்று ஒன்று இருந்தால், அதைச் சூழ்ந்து ஒரு அமைதியும் இருக்கத்தான் வேண்டும். 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமில் சாவதற்காகக் கொண்டுபோகப்பட்ட அந்தியோக்கியா இக்னாசியார் வழியில் எழுதிய கடிதங்களில், மௌனத்திலிருந்து புறப்பட்டு வந்த வார்த்தை என்று கிறிஸ்துவைக் குறிப்பிடுகிறார். 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் சிலுவை யோவான் என்ற துறவி இதை இன்னும் நெருக்கிச் சொன்னார்: பிதா பேசியது ஒரே வார்த்தை, அது அவருடைய குமாரன், அதை அவர் நித்திய மௌனத்தில் எப்போதும் பேசிக்கொண்டிருக்கிறார், ஆத்துமாவும் அதை மௌனத்தில்தான் கேட்க வேண்டும். ஆக, நாம் பேசாமலிருப்பது ஒருவர் பேசுகிறார் என்பதற்காக. இந்தப் பக்கத்தில் வரும் மற்ற பதில்களில் பாதி இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

3. எலியா கேட்டது "மெல்லிய சத்தம்" என்று எங்கள் வேதத்தில் இருக்கிறது. ஆனால் ஒருவர் அது மௌனம் என்கிறார். எது சரி?

இரண்டும் சரி என்பதுதான் அந்த வசனத்தின் அழகு. எபிரெயத்தில் அங்கே மூன்றே சொற்கள்: கோல் தெமாமா தக்கா. 'கோல்' என்றால் சத்தம் அல்லது குரல். 'தெமாமா' என்றால் அமைதி, அசைவற்ற நிலை. 'தக்கா' என்றால் மெல்லிய, பொடியான. வனாந்தரத்தில் தரையில் கிடந்த மன்னாவை வர்ணிக்கும்போதும் இதே சொல்தான் வருகிறது. மெல்லிய மௌனத்தின் சத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். மௌனத்துக்கு ஏது சத்தம் என்று குழம்பித்தான் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதை மெல்லிய தென்றலின் சத்தமாக்கிவிட்டது. நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் குழம்பவில்லை. "அமர்ந்த மெல்லிய சத்தம்" என்று மூன்று சொல்லுக்கு மூன்று சொல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 'அமர்ந்த' என்ற சொல்லை நாம்தான் வேகமாக வாசித்துத் தாண்டிவிடுகிறோம்.

இதை வைத்து "கடவுள் ஆரவாரத்தில் இருக்கமாட்டார்" என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. அது அவசரம். எலியா நின்ற இதே ஓரேப் மலையில் மோசேயின் காலத்தில் அவர் இடிமுழக்கத்தோடும் அக்கினியோடும்தான் இறங்கினார். யோபுவிடம் பெருங்காற்றிலிருந்துதான் பேசினார். அவர் எப்படி வருவார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாதே என்பதுதான் எலியாவுக்குக் கிடைத்த பாடம் என்று நினைக்கிறேன்.

அப்புறம், யாரும் அதிகம் கவனிக்காத ஒன்று. அந்த மௌனத்துக்கு முன்னால் எலியா ஒரு புகார் சொல்கிறான் (1 இராஜாக்கள் 19:10): உம்முடைய தீர்க்கதரிசிகளைக் கொன்றுபோட்டார்கள், நான் ஒருவன் மாத்திரம் மீதி. மௌனத்துக்குப் பின்னாலும் அதே புகாரைச் சொல்கிறான் (19:14). இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே பாட்டு! அவ்வளவு பெரிய அனுபவம் அவன் மனநிலையை மாற்றிவிடவில்லை. கடவுள் அதற்காகக் கோபப்படவும் இல்லை. திரும்பிப் போ, இன்னாரை அபிஷேகம்பண்ணு என்று வேலை கொடுக்கிறார். மண்டியிடாத 7,000 பேர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். தியானம் முடிந்து எழும்போது மனசு லேசாகவில்லையே என்று வருந்துகிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த இரண்டு வசனங்களைத்தான்.

4. "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்பது தியானம் செய்யச் சொல்கிற வசனம்தானே?

46ஆம் சங்கீதத்தை முழுதாக வாசித்தால் அது அவ்வளவு சாந்தமான இடம் இல்லை என்று தெரியும். மலைகள் கடலில் விழுகின்றன, ஜாதிகள் கொந்தளிக்கின்றன. முந்தின வசனத்தில் கடவுள் வில்லை ஒடித்து, ஈட்டியை முறித்து, இரதங்களைச் சுட்டெரிக்கிறார். அதற்கு அடுத்த வரி இது. 'அமர்ந்திருந்து' என்ற இடத்தில் உள்ள எபிரெயச் சொல்லுக்குத் தளர்த்து, விட்டுவிடு என்று பொருள். எருசலேமை அழிக்கக் கை நீட்டிய தூதனிடம் "உன் கையை நிறுத்து" என்று சொல்லப்படும் இடத்திலும் (2 சாமுவேல் 24:16) இதே வேர்ச்சொல்தான்.

ஆயுதத்தைப் பிடித்திருக்கும் கையைத் தளர்த்துங்கள் என்பதே அந்த வசனம். தியானத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. நம் கை எதை இறுகப் பிடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

5. கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் ஏன் முடிச்சுப் போடுகிறார்கள்?

முடிச்சு ஏற்கெனவே மொழியிலேயே விழுந்திருக்கிறது. "பையன் சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்று நாம் சொல்லும்போது அவனுக்குக் காது கேட்கவில்லை என்றா சொல்கிறோம்? எபிரெயத்தில் 'ஷமா' என்ற சொல்லுக்கும் கேள், கீழ்ப்படி என்று இரண்டும் பொருள். கிரேக்கத்திலும் லத்தீனிலும் கீழ்ப்படிதலுக்கான சொல் கேட்டல் என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. "விசுவாசம் கேள்வியினால் வரும்" என்று பவுல் எழுதியதை (ரோமர் 10:17) இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். இன்றைய வாசகர் சிலர் 'கேள்வி' என்றதும் வினா என்று எடுத்துக்கொண்டு, சந்தேகம் கேட்டால் விசுவாசம் வரும் என்று விளக்கம் கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். இங்கே அது குறளில் ஓர் அதிகாரத்துக்குத் தலைப்பாக உள்ள 'கேள்வி', அதாவது செவிகொடுத்தல்.

சாலொமோன் கேட்ட வரத்தையும் பாருங்கள். ஞானமுள்ள இருதயம் என்று நாம் வாசிக்கிற இடத்தில் (1 இராஜாக்கள் 3:9) எபிரெயத்தில் இருப்பது 'கேட்கிற இருதயம்'. நியாயம் தீர்க்கப் போகிற ராஜாவுக்கு முதல் தேவை அதுதான். அடுத்த காட்சியிலேயே இரண்டு பெண்கள் ஒரு குழந்தையோடு வந்து நிற்கிறார்கள். அவன் முதலில் இரண்டு பேர் சொல்வதையும் முழுக்கக் கேட்கிறான்.

6. மடங்களில் துறவிகள் வாழ்நாள் முழுக்கப் பேசமாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்களாமே?

இல்லை. பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கின்படி துறவிகள் கொடுக்கும் வாக்கு மூன்று: ஒரே மடத்தில் நிலைத்திருப்பது, துறவு வாழ்வுக்குத் தன்னை மாற்றிக்கொள்வது, கீழ்ப்படிவது. மௌனம் அந்தப் பட்டியலில் கிடையாது. அது அன்றாட ஒழுங்கு. இரவு ஜெபத்துக்குப் பின் பேசக்கூடாது என்று 42ஆம் அதிகாரம் கண்டிப்பாகச் சொல்கிறது. விருந்தாளி யாராவது வந்துவிட்டால் பேசலாம் என்று உடனே விதிவிலக்கும் கொடுக்கிறது. மிகக் கடுமையான மௌனம் காப்பவர்கள் 1084இல் புரூனோ தொடங்கிய கார்த்தூசியர்கள். அவர்களுக்கும் வாரம் ஒருமுறை நீண்ட நடை உண்டு. அப்போது தாராளமாகப் பேசிக்கொண்டே போவார்கள்.

பெனடிக்டின் ஒழுங்கு 'கேள்' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. எனக்குப் பிடித்த இடம் 3ஆம் அதிகாரம். முக்கியமான காரியம் வந்தால் மடத்தலைவர் எல்லோரையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும். ஏனென்றால் எது நல்லது என்பதை ஆண்டவர் பல சமயம் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்கிறது. 1,400 வருடத்துக்கும் மேலாக இது எழுத்தில் இருக்கிறது. எத்தனை சபைக் கமிட்டிகளில் இளையவர்களிடம் கேட்கிறோம் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

ஒரு கிளைக்கதை. பேசாமலிருக்க மடங்களில் கைச்சாடைகளை வகுத்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் கேன்டர்பரி மடத்தில் விருந்துண்ட வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, சாப்பாட்டு மேசையில் துறவிகள் கையையும் விரலையும் ஆட்டிய ஆட்டம் கூத்து பார்ப்பது போலிருந்தது, இதற்கு அடக்கமாகப் பேசியே இருக்கலாம் என்று எழுதி வைத்தார். வாய் மூடியிருந்தால் மட்டும் மௌனம் வந்துவிடாது.

7. எங்கள் சபையில் கைதட்டி, சத்தமாகத் துதிப்போம். அது தாழ்ந்த ஆராதனையா?

இல்லவே இல்லை. சங்கீதங்கள் கைத்தாளத்தையும் எக்காளத்தையும் கேட்கின்றன. அதே சங்கீதப் புத்தகத்தில் 65ஆம் சங்கீதத்தின் முதல் வரி எபிரெயத்தில் "மௌனம் உமக்குத் துதி" என்று ஒலிக்கிறது. தமிழில் துதி "அமைந்து காத்திருக்கிறது" என்று வந்திருக்கிறது. பரலோகத்திலேயே ஓயாத பாடலுக்கு நடுவே "ஏறக்குறைய அரைமணிநேரமளவும் அமைதல்" உண்டானது (வெளிப்படுத்தல் 8:1). அடுத்த வசனங்களில் பரிசுத்தவான்களின் ஜெபம் தூபத்தோடு மேலே போகிறது. பூமியிலிருந்து வருகிற ஜெபத்தைக் கேட்கப் பரலோகமே பாட்டை நிறுத்தியது என்று இதற்கு விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும்.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள் மௌனத்தையே ஆராதனையாக்கினார்கள். யாராவது பேச ஏவப்படும்வரை கூட்டம் முழுக்க அமைதி. நீங்கள் அந்தக் கோடிக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு நிமிடம் கீபோர்டை நிறுத்திப் பாருங்கள், போதும்.

8. மனதை வெறுமையாக்கினால் பிசாசு வந்து குடியேறிவிடும் என்று பயமுறுத்துகிறார்களே?

மத்தேயு 12இல் வரும் உவமையை வைத்துச் சொல்கிறார்கள்: அசுத்த ஆவி போன வீடு வெறுமையாகப் பெருக்கிக் கிடந்ததால் அது இன்னும் ஏழு ஆவிகளோடு திரும்பி வந்தது. இயேசு அதை ஜெபத்தைப் பற்றிச் சொல்லவில்லை. தம்மைப் பார்த்தும் ஏற்காத சந்ததியைப் பற்றிச் சொன்னார். வீடு சுத்தமாக இருந்தது, வர வேண்டியவரை உள்ளே விடவில்லை. அதுதான் அங்கே குற்றம்.

2ஆம் பதிலில் சொன்னதுபோல், கிறிஸ்தவ மௌனம் ஒருவருக்கு முன்னால் இருக்கிற மௌனம். வெறுமை அதன் இலக்கு கிடையாது. கிழக்குத் திருச்சபையில் ஆதோஸ் மலைத் துறவிகள் வளர்த்தெடுத்த அமைதி ஜெபத்தில்கூட இயேசுவின் பெயர் மூச்சோடு மூச்சாக ஓடிக்கொண்டிருக்கும். 'சும்மா இரு' என்று தமிழ்ப் பக்தி மரபும் சொல்கிறது. அதைச் சொன்னவர்கள் ஆழமானவர்கள், அவர்களை மட்டம் தட்டி நம் மௌனத்தை உயர்த்த வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றே என்று அவசரமாகச் சொல்லவும் வேண்டியதில்லை. பிற மரபுகளின் தியான முறைகள் பற்றி 1989இல் வத்திக்கான் வெளியிட்ட கடிதமும் இப்படித்தான் நடுவில் நிற்கிறது: நல்லதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஜெபம் ஓர் உறவு என்பதைத் தொலைத்துவிடாதீர்கள் என்கிறது.

9. ஐந்து நிமிடம்கூட முடியவில்லை. கட்ட வேண்டிய பில், நேற்றைய சண்டை எல்லாம் வந்து நிற்கிறது. நான் இதற்கு லாயக்கில்லையோ?

எங்கள் குழுவில் முதல் மாதம் கேட்டதெல்லாம் சுவர்க்கடிகாரமும் ஒருவருடைய குறட்டையும்தான். மௌனத்தில் முதலில் கேட்பது நம்முடைய சொந்த இரைச்சல். "போய் உன் அறையில் உட்கார், அறை உனக்கு எல்லாம் கற்பிக்கும்" என்று 4ஆம் நூற்றாண்டு எகிப்தின் பாலைவனத்தில் அப்பா மோசே என்ற துறவி ஒரு சீடனிடம் சொன்னார் (மூத்த துறவிகளை அங்கே 'அப்பா' என்று அழைப்பார்கள்). அந்த அறை கற்பிக்கும் முதல் பாடமே இந்த பில்லும் சண்டையும்தான். நேற்றைய சண்டை வந்து நிற்கிறதென்றால், ஒருவேளை மன்னிப்புக் கேட்க வேண்டியது பாக்கி இருக்கலாம். அதுவும் கேட்டலில் சேர்த்திதான்.

அதே பாலைவனத்தில் வாழ்ந்த அப்பா பொய்மென் சொன்னது கொஞ்சம் சுடும். ஒருவன் மௌனமாக இருப்பதுபோல் தெரியும், உள்ளே மற்றவர்களைக் குற்றம் தீர்த்துக்கொண்டிருந்தால் அவன் ஓயாமல் உளறுகிறவன். இன்னொருவன் காலை முதல் இரவு வரை பேசுவான், ஆனாலும் மௌனம் காப்பவன், ஏனென்றால் பிரயோஜனமில்லாத எதையும் அவன் சொல்வதில்லை. நடைமுறைக்கு ஒன்று: மூன்று நிமிடத்தில் தொடங்குங்கள். ஒரு சின்ன வசனத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மனம் ஓடினால் திட்டாமல் அந்த வசனத்துக்குத் திரும்புங்கள். 131ஆம் சங்கீதம் சொல்லும் குழந்தை, பால் மறந்த குழந்தை. பாலுக்காக அழுது முடித்து, இப்போது ஒன்றும் வேண்டாமல் தாயின் மடியில் கிடக்கிறது. அழுது முடிக்க நேரம் ஆகும்.

10. உள்ளே ஒரு குரல் கேட்கிறது. அது கடவுளா, என் ஆசையா, எப்படித் தெரிந்துகொள்வது?

சிறுவன் சாமுவேலுக்கே தெரியவில்லை. மூன்று முறை ஏலியிடம் ஓடினான். ஏலிக்கே மூன்றாவது முறைதான் புரிந்தது. "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது கண் மங்கிய, பிள்ளைகளை அடக்கத் தவறிய, முன்பு அன்னாளைக் குடிகாரி என்று நினைத்த அதே ஏலி. இதில் எனக்கு இரண்டு விஷயம் தெரிகிறது. தனியாகக் கேட்காதீர்கள், கூட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் குறையே இல்லாதவராக இருக்க வேண்டும் என்று காத்திருந்தால் யாரும் கிடைக்கமாட்டார். சாமுவேல் கேட்ட செய்தி ஏலியின் வீட்டுக்கு விரோதமானது. ஏலி ஒன்றையும் மறைக்காமல் சொல்லச் சொல்லி, முழுக்கக் கேட்டு, "அவர் கர்த்தர்" என்று ஏற்றுக்கொண்டான். தனக்கு எதிரான வார்த்தையைக் கேட்டுக்கொள்ளும் அந்தக் காது, என் கணக்கில், சாமுவேலின் காதைவிடப் பெரியது.

எச்சரிக்கைக்கு 1 இராஜாக்கள் 13ஐ வாசியுங்கள். நேரடியாகக் கட்டளை பெற்ற ஒரு தேவமனுஷன், "ஒரு தூதன் என்னிடம் சொன்னான்" என்று ஒரு கிழட்டுத் தீர்க்கதரிசி சொன்ன பொய்யை நம்பி அழிந்தான். "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்ற வாக்கியத்தைக் கேட்டதும் அடங்கிவிடாதீர்கள். சோதித்துப் பாருங்கள் என்று யோவானும் பவுலும் எழுதியிருக்கிறார்கள். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் கொடுத்த ஒரு விதி எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது: மனம் சோர்ந்து இருண்டு கிடக்கும்போது, முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. என் சொந்த விதி இன்னும் எளிது. அந்தக் குரல் எப்போதும் எனக்குப் பிடித்ததையே சொன்னால், அது நான்தான்.

11. மல்கியாவுக்கும் யோவான் ஸ்நானகனுக்கும் நடுவே கடவுள் 400 வருடம் மௌனமாக இருந்தார் என்கிறார்களே?

அது பிரசங்கத்தில் வசதியான வாக்கியம். தீர்க்கதரிசி இல்லாத காலம் என்பதை அந்தக் காலத்தைப் பற்றிய முதலாம் மக்கபேயர் நூலே சொல்கிறது, உண்மைதான். ஆனால் கத்தோலிக்கரும் கிழக்குத் திருச்சபையாரும் வேதமாக வாசிக்கிற சில நூல்கள் அந்த இடைவெளியில்தான் எழுதப்பட்டன. மக்கள் ஜெபித்தார்கள், தேவாலயத்தைத் திரும்பப் பிரதிஷ்டை செய்தார்கள். மௌனம் என்பது இல்லாமை என்று வைத்துக்கொண்டால்தான் இது புதிராகிறது.

12. வருடக்கணக்கில் ஜெபிக்கிறேன். பதிலே இல்லை. கடவுள் ஏன் மௌனமாக இருக்கிறார்?

இதை இரவில் போனில்தான் கேட்பார்கள். காரணம் சொல்லும் பதில் என்னிடம் இல்லை. பொறுமையைக் கற்பிக்கிறார், உன் பாவம் தடுக்கிறது என்று யாராவது சட்டென்று சொன்னால் நம்பாதீர்கள். 88ஆம் சங்கீதம் எந்த ஆறுதலும் இல்லாமல் இருளில் முடிகிறது. அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. பதில் இல்லை என்று கத்துவதும் ஜெபம்தான் என்று அது சொல்லாமல் சொல்கிறது. கானானியப் பெண் கெஞ்சியபோது இயேசு "ஒரு வார்த்தையும்" சொல்லவில்லை என்று மத்தேயு எழுதுகிறார். அவள் அந்த மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாமல் பின்னாலேயே வந்து வாதாடினாள், ஜெயித்தாள்.

சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று இயேசு கேட்டதற்கு வானத்திலிருந்து குரல் வரவில்லை. ஞானஸ்நானத்தில் வந்தது, மறுரூப மலையில் வந்தது, இங்கே வரவில்லை. மறுநாள் சனிக்கிழமை, சுவிசேஷங்கள் அந்த நாளைப் பற்றிக் கிட்டத்தட்ட ஒன்றும் சொல்லவில்லை, ஸ்திரீகள் ஓய்ந்திருந்தார்கள் என்று லூக்கா ஒரு வரி எழுதுகிறார். கிறிஸ்தவ விசுவாசம் கடவுளின் மௌனத்துக்கு விளக்கம் வைத்திருக்கவில்லை. அந்த மௌனத்துக்குள்ளேயே கடவுளின் குமாரன் இருந்தார் என்ற செய்தியை வைத்திருக்கிறது. எனக்குச் சில இரவுகளில் அது போதும், சில இரவுகளில் போதாது.

பக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் நேர்வது என்றும் நினைக்காதீர்கள். 2ஆம் பதிலில் பார்த்த சிலுவை யோவான், 1577 டிசம்பரிலிருந்து ஏறக்குறைய ஒன்பது மாதம் டொலேடோவில் சொந்தச் சபைத் துறவிகளாலேயே இருட்டறையில் அடைக்கப்பட்டிருந்தார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் அவர் உள்ளே எதையும் உணராமலேயே நாள்தோறும் எழுந்து வேலைக்குப் போனார் என்று தெரிந்தது.

13. துக்க வீட்டில் என்ன வசனம் சொல்வது நல்லது?

ஒன்றும் சொல்லாமலிருப்பது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இராப்பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் புத்தகத்தில் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதன்பின் வாயைத் திறந்து, 25ஆம் அதிகாரம் வரை கெடுத்து, கடைசியில் கடவுளிடம் திட்டு வாங்கினார்கள்.

நானும் வாங்கியிருக்கிறேன். மகனை இழந்த ஒரு நண்பர் வீட்டுக்குப் போய், எல்லாம் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற வசனத்தைச் சொன்னேன். அவர் மேசைவிரிப்பின் ஓரத்தில் ஒரு நூலை இழுத்துக்கொண்டே இருந்தார். நூல் நீண்டுகொண்டே வந்தது. "உங்களுக்கு இங்கே உட்கார்ந்திருக்கக் கஷ்டமாக இருந்தால் போய்விட்டு வாங்க" என்றார், கோபமே இல்லாமல். அந்த வசனம் அவருக்காக இல்லை, என் பதற்றத்துக்காக என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சகோதரனுக்குச் செய்யும் முதல் ஊழியமே அவன் சொல்வதைக் கேட்பதுதான் என்றும், சகோதரனைக் கேட்க முடியாதவன் சீக்கிரத்தில் கடவுளையும் கேட்க முடியாதவனாவான் என்றும் ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் 1939இல் வெளிவந்த நூலில் எழுதியதை நான் அதற்கு முன்பே அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

14. இயேசு பிலாத்துவுக்கு முன் வாய் திறக்கவில்லை. அப்படியானால் அநியாயம் நடக்கும்போது நாமும் பொறுத்து மௌனமாக இருக்க வேண்டுமா?

பெரும்பாலும் இதைப் பாதிக்கப்பட்டவர்களிடம் வேறு யாரோ சொல்லி, அவர்கள் வந்து என்னிடம் கேட்கிறார்கள். முதலில் உண்மை நிலவரம்: இயேசு எப்போதும் மௌனமாக இருக்கவில்லை. பிரதான ஆசாரியனுக்கு முன் ஒரு சேவகன் அறைந்தபோது, "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). பொய்ச் சாட்சிகளுக்கும், அற்புதம் பார்க்க ஆசைப்பட்ட ஏரோதுக்கும் பதில் சொல்லவில்லை. தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிட்டு நடத்தும் விசாரணையில் கலந்துகொள்ள மறுப்பது அது. தன் உயிரைத் தானே கொடுக்க முன்வந்தவரின் மௌனத்தை எடுத்து இன்னொருவர் வாயில் திணிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

பார்வையற்ற பர்திமேயு இயேசுவைக் கூப்பிட்டபோது "பேசாதிரு" என்று அதட்டியது கூட்டம். அவன் இன்னும் அதிகமாய்க் கத்தினான். இயேசு நின்றார், அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். யூதரை அழிக்கக் கட்டளை பிறந்தபோது ராணி எஸ்தரிடம் மொர்தெகாய், நீ இப்போது மவுனமாயிருந்தால் என்று எச்சரித்தான். 1945 அக்டோபரில் ஜெர்மன் சுவிசேஷ சபைத் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டில் வெளியிட்ட அறிக்கையில், நாஜி ஆட்சியில் இன்னும் துணிவாக அறிக்கையிடவில்லையே என்று தங்களையே குற்றஞ்சாட்டிக்கொண்டார்கள். பலவீனர் பேசக் கேட்பதற்காக பலவான் மௌனமாக இருப்பது ஒன்று. பலவீனர் பேசிவிடாதபடி அடக்கப்படுவது வேறொன்று. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

15. அப்படியென்றால் "பெண்கள் சபையில் பேசாமலிருக்கக்கடவர்கள்" என்று பவுல் எழுதியதற்கு என்ன சொல்வீர்கள்?

1 கொரிந்தியர் 14இல் 'பேசாமலிரு' என்ற அதே கிரேக்க வினை மூன்று முறை வருகிறது. அர்த்தம் சொல்ல ஆள் இல்லாதபோது அந்நிய பாஷையில் பேசுகிறவனுக்கு ஒன்று (28), இன்னொருவனுக்கு வெளிப்பாடு வந்தால் முந்திப் பேசிக்கொண்டிருந்தவனுக்கு ஒன்று (30), பெண்களுக்கு ஒன்று (34). முதல் இரண்டையும் யாரும் ஆயுள் தடையாக எடுப்பதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் கேளுங்கள் என்ற ஒழுங்காகத்தான் எடுக்கிறார்கள். மூன்றாவதை மட்டும் நிரந்தரமாக்குவது எப்படி? இதே கடிதத்தின் 11ஆம் அதிகாரம் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடப்பதாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறது. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 34, 35ஆம் வசனங்கள் அதிகாரத்தின் கடைசியில் இருக்கின்றன. அதனால் அவை பின்னால் சேர்க்கப்பட்டவையோ என்று கேட்கும் அறிஞர்களும் உண்டு. சபைகள் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. உயிர்த்தெழுந்த செய்தியைப் போய்ச் சொல்லும்படி முதலில் அனுப்பப்பட்டவள் மகதலேனா மரியாள் என்பதைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடுவேன்.

16. விசுவாசம் கேட்பதால் வரும் என்றால், காது கேளாதவர்கள்?

ஒரு தாய் கேட்ட கேள்வி. 5ஆம் பதிலில் சொன்ன கேட்டல் காது என்ற உறுப்போடு முடிந்துபோவதில்லை. "என் செவிகளைத் திறந்தீர்" என்ற இடத்தில் (சங்கீதம் 40:6) எபிரெயம் "எனக்குச் செவிகளைத் தோண்டினீர்" என்கிறது, கிணறு வெட்டுவதுபோல. செவி நன்றாக உள்ள ஜனங்களைத்தான் தீர்க்கதரிசிகள் செவிடர் என்று திட்டினார்கள். மாற்கு 7இல் காது கேளாத ஒருவனை இயேசு எப்படிச் சந்தித்தார் என்று பாருங்கள். கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப் போகிறார். காதில் விரல் வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். அந்த மனிதனால் பார்க்கவும் தொடவும் முடிகிற மொழியில் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் "எப்பத்தா" (திறக்கப்படு) என்ற சொல் வருகிறது. சைகை மொழியில் வாசிக்கப்படும் வேதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தத் தாயின் மகள், எங்கள் குழுவில் யாரையும்விட நன்றாகக் கேட்கிறாள்.

17. தோமா அக்குவினா கடைசியில் எழுதுவதையே நிறுத்திவிட்டாராமே? அப்போது இத்தனை இறையியலும் வீணா?

அக்குவினா இடைக்காலத்தின் பெரிய இறையியலாளர். 1273 டிசம்பர் 6ஆம் தேதி திருப்பலியில் அவருக்கு ஏதோ நேர்ந்தது. அதன்பின் எழுதவில்லை. உதவியாளர் வற்புறுத்தியபோது, நான் கண்டதோடு ஒப்பிட்டால் எழுதியதெல்லாம் வைக்கோல்போலத் தெரிகிறது என்றார். வைக்கோல் என்றாரே தவிர, பொய் என்று சொல்லவில்லை. எதையும் கொளுத்தவும் சொல்லவில்லை. வைக்கோல் இல்லாமல் கதிர் நிற்காது. உனக்குப் புரிந்துவிட்டதென்றால் அது கடவுள் இல்லை என்று அவருக்கு 800 வருடம் முன்பே அகுஸ்தீன் பிரசங்கித்திருந்தார். அப்படிச் சொன்ன அகுஸ்தீனும் பேசுவதை நிறுத்தவில்லை. பேசிப் பேசி, சொல் தீர்ந்த இடத்தில் வருகிற மௌனம் வேறு, யோசிக்கச் சோம்பல்பட்டு வருகிற மௌனம் வேறு. இரண்டாவதற்கு அக்குவினாவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

அந்த டிசம்பருக்குப் பின் அவர் ஒரேயடியாக ஒதுங்கிவிட்டார் என்று சிலர் நினைக்கிறார்கள். லியோனில் நடக்கவிருந்த பொதுச்சங்கத்துக்கு வரும்படி போப் அழைத்திருந்தார். உடம்பு முடியாத நிலையிலும் அவர் புறப்பட்டார். வழியில் ஃபொசனோவா மடத்தில் 1274 மார்ச் 7ஆம் தேதி இறந்துபோனார்.